விரல் நுனியில் உப்பு எரிந்த நாள்

2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. காலை 4.35க்கு விழித்தேன். பள்ளியில் சுபஹ் தொழுகை. திரும்பி வரும் வழியில் ஒரு றாத்தல் பாண். 6.05க்கு பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. 6.15க்கு வலது கையை மேசையில் மல்லாத்தி வைத்தேன். என் மனைவி பரீதா பென்சிலின் அடிப்பக்கத்தால் என் சுட்டுவிரலைத் தட்டத் தொடங்கினாள்.

"இஞ்ச?"

"இல்லை."

"இஞ்ச?"

"ஓம். சுரீர் எண்டுது."

அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள். நுனிக்கு இன்னும் ஆறு மில்லிமீட்டர் இருந்தது.

"நேத்தும் ஆறு. முந்தாநாளும் ஆறு. ஒம்பது நாளா பஸ் பாலாவியிலயே நிக்கிது" என்றாள். பஸ் என்று அவள் சொல்வது அந்தச் சுரீரைத்தான்.

கொப்பியில் எழுதினேன்: 'ஆறு. மாற்றமில்லை.' வியாழக்கிழமை கொழும்பில் கிளினிக். போன தடவை டொக்டர் சொல்லியிருந்தார்: இந்தச் சுரீர் எங்கே நின்றுவிடுகிறதோ, பெரும்பாலும் அதுதான் எல்லை. அதற்கு அப்பால் விரல் மரத்ததுதான்.

7.10க்கு சைக்கிளில் உப்பளம். முதல் ஆறு பாத்திகளையும் பார்த்து முடிய 10.20.

10.25க்கு, ஏழாம் பாத்தி வரம்பில் குந்தியிருந்த நான் ஒரு கத்துக் கத்தினேன். அன்று உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்ததாக மதகு தூக்கும் அந்தோனி சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் நான்கு பாத்திக்குக் கேட்டிருக்கும்.

வலியில்தான் கத்தினேன். கத்திவிட்டு உடனே சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அது ஏன் என்று சொல்வதற்குச் சரியாக முப்பத்தொரு வாரம் பின்னால் போக வேண்டும்.

பெட்டியில் வைக்காத கண்ணாடி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக: புத்தளத்துக்குச் சற்று முன்னே, பாலாவிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் நீர் அளந்து எழுதுபவன் நான். பம்ப், கடலோடு சேர்ந்த களப்பின் நீரை ஏற்றும். பாத்தி பாத்தியாக அது வெயிலில் வற்றி, மதகு மதகாக இறங்கி வரும். உள்ளே வரும்போது உப்புச் செறிவு மூன்றரை டிகிரி. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு விழும். எந்த மதகுப் பலகையை எப்போது தூக்குவது என்பது என் கொப்பியைப் பார்த்துத்தான். தூக்குகிறவன் அந்தோனி. கற்பிட்டிக் கரையைச் சேர்ந்தவன். கடலுக்குப் போனால் வாந்தி வருவதால் உப்புக்கு வந்தவன். என்னை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

எனக்குக் கொப்பி என்றால் ஒரு பைத்தியம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வாரம் வாங்கியது எண்பது பக்கக் கொப்பி. அன்றிலிருந்து ஒரு நாளையும் எழுதாமல் விட்டதில்லை.

அளக்கும் கருவி நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடி மிதவை. அதற்கு மரப்பெட்டி இருக்கிறது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகும்போது பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த விதியை எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டியவனும் நான்தான். 2014 ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி மட்டும், அடுத்த பாத்தி பத்தடிதானே என்று கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வரம்பு வழுக்கியது. கண்ணாடி கீழே விழுந்துவிடக் கூடாதே என்று விரல்களை இறுக்கி மூடினேன். நான் விழுந்தது அதன் மேலேயே. உடைந்த முனை மணிக்கட்டுக்குள் இறங்கியது.

அன்றைய பக்கத்தை இடது கையால் எழுதியிருக்கிறேன். 'எட்டாம் பாத்தி 22 டிகிரி. கை வெட்டுப்பட்டது.' பரீதா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவாள்.

"பாருங்க, முதல்ல டிகிரி. பிறகுதான் கை."

கொழும்பில் தைத்தார்கள். கையின் நடுவால் இறங்கும் நரம்பு அறுந்திருந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி: மூன்றரை விரல் மரத்துப்போயிற்று. சின்னவிரல் வேறு நரம்பில் ஓடுவதால் தப்பியது.

டொக்டர் கண்ட உப்பளம்

கிளினிக்கில் கையைப் பார்த்தவர் ஒரு பெண் டொக்டர், சிலாபத்துப் பிள்ளை. கேள்வி கேட்டால் சலிக்காதவர். அது அவருக்கு ஆபத்தாக முடிந்தது.

"ஐயாக்கு என்ன வேலை?"

"உப்பளம், டொக்டர். மதகு, பம்ப், அளவு."

அவர் பேனையை வைத்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கு நான் புதுசாச் சொல்ல ஒண்டுமில்ல. நரம்புக்குள்ள நடக்கிறது உங்கட வேலைதான்."

என் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் ஒரு நீளக் குழாய் வரைந்தார். நரம்பின் ஒரு இழை. வெளியே இருக்கிற நீரில் சோடியம் அதிகம், அதாவது நம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் இரண்டு சரக்கில் ஒன்று. உள்ளே பொற்றாசியம் அதிகம். நடுவில் மிக மெல்லிய தோல். தோல் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள். தோலிலேயே பம்புகளும் இருக்கின்றன. மூன்று சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். இரவும் பகலும் அதே வேலை.

"பௌர்ணமிப் போயா லீவும் இல்லையா?"

"இல்ல ஐயா. பம்ப் நிண்டா நாங்களும் நிப்பம்."

அதனால் தோலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. வரம்புக்கு மேலே நீர் தேங்கி நிற்பதைப் போல மின்சாரம் தேங்கி நிற்கிறது. விரலை யாராவது தொட்டால் அந்த இடத்துக் கதவுகள் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். பாய்ந்த வேகத்தில் பக்கத்து இடத்தின் மின் அளவு மாறும். அது மாறியதும் அங்கே உள்ள கதவுகள் திறக்கும். பிறகு அதற்குப் பக்கத்தில். இப்படியே விரலிலிருந்து முதுகெலும்பு வரைக்கும் கதவு கதவாகத் திறந்துகொண்டே போகும். ஒரே சோடியம் விரலிலிருந்து மூளை வரை ஓடுவதில்லை. ஓடுவது திறக்கிற செயல்தான்.

"பிறகு?"

"திறந்த கதவு தானா அடைச்சிக்கொள்ளும். பொற்றாசியம் கொஞ்சம் வெளிய போகும், பழைய நிலைக்கு வரும். அடைச்ச கதவு ஒரு நொடி திறக்காது. நொடி எண்டா செக்கன்ல ஆயிரத்தில ஒண்டு, ரெண்டு. அதாலதான் சிக்னல் பின்னுக்குத் திரும்பாம முன்னுக்கே போகுது."

"எங்கட மதகில அந்தப் பூட்டு இல்லை டொக்டர். எங்களுக்கு அந்தோனிதான் பூட்டு."

பரீதா என் முழங்கையைக் கிள்ளினாள், உணர்ச்சி இருக்கிற முழங்கையை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் நான் கேட்க வேண்டியது முடியவில்லை. எவ்வளவு மின்சாரம்? ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. டோர்ச் பட்டரி ஒன்றின் பதினைந்தில் ஒரு பங்கு. அழுத்தித் தொட்டால் கதவு அகலமாகத் திறக்குமா?

"இல்ல. திறந்தா முழுசாத் திறக்கும், இல்லாட்டித் திறக்காது. அரைக்கதவு இல்ல. அழுத்தித் தொட்டா அடிக்கடி திறக்கும், அவ்வளவுதான்."

"அப்ப எல்லாச் சிக்னலும் ஒரே அளவா? விரலில இருந்து வாறதும் காதில இருந்து வாறதும்?"

"ஓம், ஒரே மாதிரித் துடிப்புத்தான்."

"அப்ப இது விரல், இது காது எண்டு மூளைக்கு எப்பிடித் தெரியும்?"

"எந்த நரம்பால வந்துதோ, அத வச்சித்தான்."

எழுதிக்கொண்டேன். கடைசிக் கேள்வி, எப்போது சுகமாகும்? நரம்பின் உறையைத்தான் தைக்க முடியும், உள்ளே ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் தைக்க முடியாது என்றார். வெட்டுக்கு அப்பால் உள்ள இழை செத்துவிடும். மேலே உயிரோடு இருக்கிற துண்டிலிருந்து புதிய இழை முளைத்து, பழைய குழாய் வழியே இறங்கி வர வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் சுணங்கும். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முளையின் முனை பச்சைக் காயம் போன்றது. அதன் மேலே தட்டினால் கதவுகள் திறந்து சுரீர் என்னும். அந்த இடத்தைப் பார்த்தால் முளை எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். என் போன்ற ஒருவனிடம் இதைச் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். மணிக்கட்டின் வரியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை 178 மில்லிமீட்டர்.

கொழும்பு–புத்தளம் பஸ்

அன்றிலிருந்து காலை 6.15க்குப் பென்சில். சுரீர் என்ற இடத்தில் பேனையால் ஒரு புள்ளி. செப்டம்பர் கடைசியில் உள்ளங்கைக்குள் வந்தது. என் கை பள்ளிக்கூட அடிமட்டம் போல ஆனது.

பரீதாவுக்கு இலக்கங்கள் பிடிக்காது. அவள் ஊர்ப் பெயர் வைத்தாள். மணிக்கட்டு கொழும்பு. உள்ளங்கை நடு நீர்கொழும்பு. விரலின் அடி சிலாபம். நடுக்கணு முந்தல். நுனி புத்தளம், அதற்குச் சற்று முன்னே பாலாவி.

"இண்டைக்கு எங்க?"

"சிலாபம் தாண்டிட்டுது."

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடுற பஸ்ஸ நான் இப்பதான் பாக்கிறன். டிரைவர் உங்கட குடும்பத்து ஆள் போல."

ஜனவரியில் பெருவிரலில் ஒருவிதமான மொத்தை உணர்ச்சி வந்துவிட்டது, பாதை குட்டை என்பதால். நடுவிரல், நீளமாக இருந்தும் முந்திக்கொண்டு, பெப்ரவரி கடைசியில். சுட்டுவிரல்தான் மார்ச் எட்டில் பாலாவிக்கு வந்து நின்றுபோனது.

வரம்பில் ஓடிய கை

இதையெல்லாம் உப்பளத்தில் சொல்லாமல் இருக்க முடியுமா? தைப் பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில், தேநீர் நேரத்தில், பதினொரு பேரை வரம்பில் வரிசையாக உட்காரவைத்தேன். விதி இதுதான்: பக்கத்தில் இருப்பவரின் கை உயர்ந்தால் உன் கையையும் உயர்த்து. உடனே இறக்கு. இறக்கிய பிறகு ஐந்து எண்ணும் வரை, யார் என்ன செய்தாலும் உயர்த்தாதே. நான் இடது கையில் கைப்பேசியின் ஸ்டொப்வொட்சோடு நின்றேன்.

முதல் ஓட்டம் 4.1 செக்கன். ஒரு முனையில் அந்தோனி உயர்த்திய கை வரம்பு முழுக்க ஓடி மற்ற முனையில் உப்பு வாரும் றீற்றாவிடம் முடிந்தது. திரும்பி வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நடுவில் இருப்பவரிடம் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஓடியது. அதையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவதில் றீற்றா களவாக வேலை பார்த்தாள். அந்தோனி தொடங்கிய அதே நேரத்தில் அவளும் தன் முனையிலிருந்து தொடங்கிவிட்டாள். இரண்டு அலையும் நடுவில் சந்தித்தன. சந்தித்த இடத்தில் எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

"இது என்ன நானா? செத்துப்போச்சி!" என்றான் அந்தோனி.

"ரெண்டு பக்கத்தாலயும் இப்பதான் திறந்து அடைச்ச கதவு. அங்கால போக வழி எங்க?"

"அப்ப நரம்பில ரெண்டு பக்கத்தால வந்தாலும் இப்பிடித்தானா?"

தெரியவில்லை என்றேன். அடுத்த கிளினிக்கில் கேட்டேன். அப்படித்தான் என்று டொக்டர் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நேர்ஸ் எட்டிப் பார்த்தார்.

நாலாவது ஓட்டத்தின்போது மேற்பார்வையாளர் வந்துவிட்டார். பதினொரு பேர் வரம்பில் உட்கார்ந்து கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்து, "மொகத மே?" என்றார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"நரம்பு, சேர்" என்றான் அந்தோனி.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தார்.

பார்த்துப் பார்த்து எண்ணியது

கேலியும் சிரிப்புமாக இருந்தாலும் எனக்கு உள்ளே ஒரு கவலை இருந்தது. அதைப் பரீதாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

தொழுகை முடிந்ததும் இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹ் ஓதுவோம். ஒவ்வொன்றும் முப்பத்து மூன்று தடவை. வாப்பா எனக்குக் காட்டித் தந்த எண்ணிக்கை விரல் கணுவில். சின்னவிரலில் தொடங்கி, பெருவிரலின் நுனி ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போகும். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. இரண்டு சுற்று இருபத்து நான்கு. மூன்றாவது சுற்றில் நடுவிரலோடு நிறுத்தினால் முப்பத்து மூன்று. கண்ணை மூடிக்கொண்டு ஓதலாம். எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்ளும். நாற்பது வருடம் அப்படித்தான் ஓதினேன்.

கை மரத்த பிறகு சின்னவிரலும் மோதிரவிரலில் பாதியும் மட்டும் பதில் சொல்லின. அதற்குப் பிறகு இருட்டு. பெருவிரல் எங்கே நிற்கிறது என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தால் மனம் எண்ணிக்கையில் போகிறது. ஓதுவது வாயோடு நின்றுவிடுகிறது. எத்தனை டிகிரி என்று ஒரு தடவைகூடப் பிழையாக எழுதாத நான், அல்லாஹ்வின் முன்னால் உட்கார்ந்து இருபதா இருபத்து மூன்றா என்று தடுமாறினேன்.

பள்ளியில் பக்கத்தில் இருந்தவர் ஒரு நாள் கேட்டேவிட்டார்: "என்ன நானா, ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்க. அஞ்சும் சரியா இரிக்கா?"

பரீதாவின் தம்பி மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்தபோது, அமுக்கினால் டிக் என்று இலக்கம் ஏறும் சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நல்ல மனதோடு தந்தது. இடது கையால் அமுக்கிப் பார்த்தேன். பஸ் கொண்டக்டர் டிக்கெட் அடிப்பது போல இருந்தது. மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

சுட்டுவிரல் நுனியும் வந்துவிட்டால் திரும்பக் கண்ணை மூடலாம். நான் கேட்டது அவ்வளவுதான். அதுதான் ஆறு மில்லிமீட்டரில் நின்றுகொண்டிருந்தது.

10.25

உப்பளத்தில் வேலை செய்கிற யாருடைய விரலும் வெடித்துத்தான் இருக்கும். வெடிப்பில் உப்பு நீர் பட்டால் எரியும். வந்த புதிதில் எல்லோரும் அதற்குத்தான் திட்டுவோம். ஏழு மாதமாக என் சுட்டுவிரல் நுனியில் வெடிப்பு இருந்தது. எத்தனையோ தரம் பாத்தி நீரில் தோய்ந்தது. எரியவில்லை. எரியாதது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று அந்தோனி மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழாம் பாத்தி, இருபத்தைந்து டிகிரி, உப்பு விழத் தயாரான நீர். கோப்பையை நிரப்பக் கையைத் தாழ்த்தினேன். நீர் நகத்துக்கு மேலே ஏறியது.

நெருப்பு!

கத்தினேன். கோப்பை விழுந்தது. அந்தோனி மிதவையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தான்.

"என்ன நானா! பாம்பா?"

"எரியுது!"

"எது?"

"விரல்! நுனி! எரியுது அந்தோனி, எரியுது!"

திரும்பத் தோய்த்தேன். திரும்ப எரிந்தது. எடுத்தேன், குறைந்தது. தோய்த்தேன், எரிந்தது. கண்ணில் நீர் வழிகிறது, வாய் சிரிக்கிறது. அந்தோனி மிதவையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து (மூடியில் ஒட்டிய விதியை இப்போது அவன்தான் காப்பாற்றுகிறான்) என் கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று நாலு பக்கமும் கேட்கச் சத்தமிட்டான்:

"பஸ் புத்தளம் வந்திட்டுது!"

றீற்றா வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு பாத்தி நீரைக் காட்டி, இதில் தோய், அதில் தோய் என்றார்கள். நான் எல்லாவற்றிலும் தோய்த்தேன். பன்னிரண்டு டிகிரியில் இலேசான எரிவு. பதினெட்டில் நன்றாக. இருபத்தைந்தில் பிரமாதம். இது என் கொப்பியில் அட்டவணையாக இருக்கிறது. பென்சிலுக்குச் சுரீர் என்னாத மெல்லிய இழைகள் சில ஏற்கெனவே நுனிக்கு இறங்கியிருக்க வேண்டும்.

பரீதாவுக்குப் போன் எடுத்தேன்.

"எரியுது" என்றேன்.

மறுபக்கம் சட்டி ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். நல்லா எரியுதா?" என்றாள்.

"நல்லா."

"இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும், எடுக்காதீங்க."

போர்ட் மாறி வந்த பஸ்

இத்தோடு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அளக்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. வரம்பில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"அந்தோனி, ஏதாவதொரு விரலைத் தொடு. நான் சொல்றன்."

தொட்டான். மெல்லத்தான், ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

"நடுவிரல்."

அவன் விரலை எடுக்கவில்லை.

"சரியா?"

"இன்னொருக்காச் சொல்லுங்க நானா."

"நடுவிரல்தான்."

கண்ணைத் திறந்தேன். அவன் விரல் என் சுட்டுவிரலின் மேல் இருந்தது.

சுட்டுவிரலையே ஆறு தடவை தொட்டோம். ஆறில் நாலு தடவை எனக்கு அது நடுவிரல். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. கண்ணை மூடி எண்ணுவதற்கு எந்த விரல் என்றல்லவா தெரிய வேண்டும்?

அந்தோனிதான் வாயைத் திறந்தான்.

"பஸ் வந்தது உண்மை நானா. ஊர்ப்பேர் போர்ட்தான் மாறி வந்திரிக்கி."

நான் சிரித்த சிரிப்பில் வரம்பிலிருந்து வழுக்கப் பார்த்தேன். இந்தத் தடவை கையில் கண்ணாடி இல்லை.

மாலை 5.20க்கு வீட்டுக்கு வந்ததும் பழைய கொப்பியைப் புரட்டினேன். செப்டம்பர் மாதத்துக் கிளினிக் நாள். இடது கையின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: 'சில இழைகள் வேறு குழாயில் இறங்கலாம். மூளைக்குத் திரும்பப் பழக்கலாம்.' எழுதியிருக்கிறேன். கீழே கோடும் போட்டிருக்கிறேன். விளங்கிக்கொள்ளத்தான் மறந்துவிட்டேன்.

இப்போது விளங்கியது. நடுவிரலுக்கு என்று புறப்பட்ட ஒரு கூட்டம் இழைகள் வெட்டைத் தாண்டும்போது வழி மாறி, சுட்டுவிரலின் குழாயில் இறங்கியிருக்கின்றன. கதவுகள் சரியாகத்தான் திறக்கின்றன. துடிப்பில் பிழை இல்லை. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு. மூளைக்குத் தெரிந்ததெல்லாம் எந்த நரம்பால் வந்தது என்பது மட்டும்தான். நாற்பத்தொன்பது வருடமாக நடுவிரல் என்று பழகிய பாதையால் செய்தி வந்தால், அது நடுவிரல் என்றுதானே சொல்லும்? பாவம், அது தன் கொப்பியைப் பார்த்து எழுதுகிறது.

அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பரீதாவும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். ஒரு உப்புக்கல், ஒரு பருப்பு, ஒரு அரிசி. கண்ணைத் திறந்து பார், தொடு, பெயரைச் சொல். கண்ணை மூடு, தொடு, சொல்.

"எது?"

"நடுவிரல்."

"பிழை. எது?"

"நடு... சுட்டுவிரல்?"

"அது என்ன சந்தேகம்? சோதினையில பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதுற மாதிரி."

"எதால தொட்டாய்? பருப்பா?"

"என்ட மூக்கால."

கண்ணைத் திறந்தேன். உண்மையாகவே குனிந்து மூக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பரிசோதனையில் ஒழுங்கு இல்லை. முதல் இருபதில் ஏழு சரி. கடைசி இருபதில் எட்டு. இடையில் சிரித்துக் கெட்ட தடவைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

படுக்கும்போது அவள் கேட்டாள்: "நாளைக்குக் கண்ண மூடி ஓதிப் பாப்பீங்களா?"

"எட்டுத்தானே சரி, பரீதா."

"ஏழாத்தானே இருந்திச்சி."

மறுநாள் முதல் வேலை

மார்ச் 18, புதன்கிழமை. 4.35க்கு விழித்தேன். அன்று பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே தொழுதோம், நான் முன்னால், அவள் பின்னால்.

முடிவில் ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்க்க உட்கார்ந்தேன். அவள் தொழுகை விரிப்பின் கீழிருந்து அந்த உம்ரா மெஷினை எடுத்தாள்.

"என்ட தஸ்பீஹ நான் பிறகு ஓதுறன். நீங்க கண்ண மூடுங்க. பெருவிரல் தொடுற ஒவ்வொரு தரமும் நான் அமுக்குவன்."

கண்ணை மூடினேன். சின்னவிரல் மூன்று, மோதிரவிரல் மூன்று. அங்கே பழைய வெளிச்சம். அதற்கு அப்பால், நடுவிரல் என்று ஒரு செய்தி, திரும்பவும் நடுவிரல் என்று ஒரு செய்தி. மொத்தையாக, கொஞ்சம் சுரீர் என்று, ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு பதில் வந்தது. இருட்டு இல்லை. ஓதுவது வாயோடு நிற்கவில்லை. மெஷின் எங்கோ டிக் டிக் என்று நடந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

நடுவிரலின் கடைசிக் கணு என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன்.

"முப்பத்து மூண்டு" என்றேன்.

பரீதா மெஷினைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்து நாலு.

குனிந்து என் கையைப் பார்த்தேன். பெருவிரல் சுட்டுவிரலின் முதல் கணுவில் நின்றது.

கொப்பியை எடுத்து, வலது கையால் எழுதினேன்: 'சுபஹ். கண் மூடி, 34. ஒன்று கூடுதல். எந்த விரலில் கூடியது என்பதும் தெரியும்.'